எல்லாருக்கும் ஒரே மெயில் முகவரி

இன்று காலை ஆபீஸில் கத்திவிட்டேன். பக்கத்து சீட்டு கலா, யாரென்றே தெரியாத ஆள் அனுப்பிய மெயிலில் இருந்த ஃபைலைத் திறக்கப் போனாள். "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் டீ சிந்திவிட்டது. "இன்னா சார், ஒரு மெயிலுக்குப் போயி இந்தக் கத்து கத்துறீங்க?" என்றாள். அவளிடம் சொல்ல வெட்கம். உங்களிடம் சொல்கிறேன்.

படிப்பை முடித்ததும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். நாலு கம்ப்யூட்டர், லேமினேஷன் மெஷினில் பிளாஸ்டிக் காய்கிற வாசனை, எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கல்வராயன் மலையிலிருந்து மனுப்போட வருகிறவர்களுக்கு மெயில் முகவரி கிடையாது. "அவுங்களுக்கு எதுக்குப்பா தனித்தனியா? நம்முளுதையே போட்டு வுடு" என்பார் முதலாளி. அத்தனை பேருக்கும் கடை முகவரிதான். பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருக்கும். எது யாருக்கு வந்தது என்று தெரியாததால் வந்ததையெல்லாம் திறப்போம். 'அழைப்புக் கடிதம்' என்று வந்த ஒன்றையும் அப்படித்தான் திறந்தேன், மகா புத்திசாலி! வைரஸ். நாலு கம்ப்யூட்டரும் படுத்தன. எங்கள் முகவரியிலிருந்து ஊருக்கெல்லாம் அதே வைரஸ் போகவே, மெயில் கம்பெனிக்காரர்கள் முகவரியையும் முடக்கிவிட்டார்கள்.

அந்த மலையில் வெள்ளிமலை ஊரில் சாமை விதைக்கிற வீட்டுப் பெண் பொன்னி. நர்ஸ் படிப்புக்கு எங்கள் கடையில் மனுப்போட்டிருந்தாள். வாராவாரம் பஸ் பிடித்து இறங்கி வந்து, "லெட்டர் வந்துச்சாண்ணா?" என்று கேட்பாள். மெயிலுக்குள் போகவே முடியவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். "கட பேரு கெட்டுடும்பா, வரலன்னு சொல்லு" என்றார் முதலாளி. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என்னை நினைத்தால் அதைவிட. மூன்று வாரம் சொன்னேன், வாய் கூசாமல்.

நாலாவது வாரம் அவளே கல்லூரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். கடிதம் எப்போதோ அனுப்பியிருந்தார்கள். தேதி முடிந்து, அவள் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

அந்தக் கடை இப்போது இல்லை. மலைப்பிள்ளைகள் மெயிலைக் கையிலிருக்கிற போனிலேயே வைத்திருக்கிறார்கள்; கடிதம் வந்ததா என்று எவன் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஒழிந்தது நல்லதுதான். பொன்னி அன்று என்னைத் திட்டவில்லை. "பாத்துட்டுத்தான் வரலன்னு சொன்னியாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கும் நான் "ஆமா" என்றேன்.