இனிமே வர மாட்டேன்

காரைக்குடியில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லிவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். "வாரேன்னு சொல்லுங்க" என்று திருத்தித்தான் அனுப்புவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் சட்டம் தலைகீழ். குணமாகிப் போகிறவர்கள் "வாரேன்" என்று மறந்தும் சொல்லக் கூடாது. சொன்னால் மறுபடி கட்டிலுக்கே வந்துவிடுவார்களாம். எதற்கு வம்பு என்று முக்கால்வாசிப் பேர் எதுவுமே சொல்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆட்டோ ஏறிவிடுகிறார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் பதினாறு வருடமாக உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இங்கே நான் யாரிடமும் "வாங்க" என்று சொன்னதில்லை.

குழந்தைகள் வார்டு நர்ஸ் ஆரோக்கிய ஷீலா அந்தச் சட்டத்தை விளையாட்டாக்கி வைத்திருந்தார். வீட்டுக்குப் போகும் பிள்ளையை வாசலில் நிறுத்தி, "என்ன சொல்லணும்?" என்பார். "இனிமே வர மாட்டேன்!" என்று பிள்ளை கத்தும். "சமத்து" என்று கன்னத்தைக் கிள்ளி அனுப்புவார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி செல்வின் ஓசூரில் குடும்பத்தோடு இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு மறக்காமல் போன் செய்வான். இவருக்குச் செக்காலையில் தனி வீடு. காலையில் கதவைப் பூட்டும்போது "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாராம். "உள்ள யாரு சிஸ்டர் இருக்கா?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன். "பூட்டுகிட்டத்தான் சார் சொல்றேன்" என்று சிரித்தார். ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது எனக்கு.

போன ஆடியில் அமராவதிபுதூரிலிருந்து மீனு வந்து சேர்ந்தாள். ஐந்து வயது. சிறுநீரகத்தில் கோளாறு, கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. இது சரியாகும், திரும்பவும் வரும், வளர வளரத்தான் விடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவள் அம்மா சத்தியப்பிரியாவுக்கு வீட்டில் இன்னொரு கைக்குழந்தை. புருஷன் சிங்கப்பூரில். மத்தியானம் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் வருவாள். அவள் வரும்வரை மீனு ஷீலாவின் பொறுப்பு. உப்பில்லாத சோற்றை மீனு துப்பினாள். மறுநாளிலிருந்து ஷீலாவும் உப்புப் போடாமல் சமைத்துக் கொண்டுவந்து, அவள் கட்டிலில் உட்கார்ந்து கூடவே சாப்பிட்டார். இருபத்தாறு நாள். அவள் "ஷீலாம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

வீட்டுக்குப் போகிற அன்று வாசலில் நின்று மீனு கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ஷீலா அவள் தலையைத் தடவி, "போயிட்டு வாம்மா" என்றுவிட்டார்.

சத்தியப்பிரியாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்ன சிஸ்டர், நீங்களே இப்பிடிச் சொல்றீக?"

"ஐயோ, வாய் தவறிருச்சும்மா."

ஜன்னலிலிருந்து பார்த்த எனக்குத் தெரியும், அது வாய் தவறி வந்ததில்லை.

பத்தொன்பதாம் நாள் மீனு லேசாக வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள். "அந்தச் சிஸ்டர் எம்புள்ள பக்கமே வரக் கூடாது. அவுக சொன்ன வாய்தான் இப்பிடிப் பண்ணிருச்சு" என்று சத்தியப்பிரியா எல்லோர் முன்னாலும் அழுதாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் சிறுநீரை எப்படிச் சோதிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஷீலாதான். அதனால்தான் இந்தத் தடவை சீக்கிரமே கண்டுபிடித்துக் கொண்டுவர முடிந்தது.

"டாக்டர் சொன்னத எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?" என்று ஷீலாவிடம் சத்தம் போட்டேன்.

"சொல்லலாம் சார். ஆனா அவ வரணும்னு நான் நெனச்சது நெசந்தானே? நல்லாப் போற புள்ளய வரணும்னு நெனச்சேனே, இந்தப் பாவத்த நான் எங்க போய்ச் சொல்ல?"

பன்னிரண்டு நாள் அவர் மீனுவின் கட்டில் பக்கம் போகவில்லை. அவள் கூப்பிட்டால்கூட வேறு நர்ஸை அனுப்பினார். மத்தியானம் நர்ஸ் அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அப்போதும் உப்பில்லாத சோறுதான்.

மீனு வீட்டுக்குப் போகும் நாளில், பன்னிரண்டு மணி வாக்கில், ஷீலா என் அறைக்குள் வந்து மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார். "இங்குட்டு கொஞ்சம் நின்னுக்கிறேன் சார். வாசல்ல என்னயப் பாத்தா அவுக பயப்படுவாக."

சற்று நேரத்தில் சத்தியப்பிரியா மாத்திரை வாங்க வந்தாள். மீனு எக்கி ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஷீலாம்மா எங்க?" என்று கேட்டாள். அம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

"டூட்டி முடிஞ்சு போயிட்டாக" என்று புளுகினேன்.

"அப்ப அவுககிட்டச் சொல்லிருங்க" என்றவள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "இனிமே வர மாட்டேன்!"

ஆட்டோ கிளம்பிப் போன பிறகு ஷீலா அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"சமத்து" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் புறப்பட்டவர், கதவருகில் நின்று, "வாரேன் சார்" என்றார்.

"வாங்க சிஸ்டர்" என்றேன்.