நர்ஸ் வேலைக்கு ஆண்களை அழைத்தவர்

காலை ஷிப்டுக்கு வந்து ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது மலர் கைப்பேசியில் அழைத்தார். "அக்கா, அவரு போயிட்டாரு" என்றார். மீதமிருந்த நோயாளிகளையும் பார்த்து முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொன்னேன். தேவராஜ் என் இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

அம்பத்தூரில் நாங்கள் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் அவர் மூத்த செவிலியர். ஐம்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்லீரலில் புற்றுநோய். மலர் அவருடைய மனைவி.

தேவராஜின் தந்தை ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டராக இருந்தவர். குடியிருப்பில் வளர்ந்த பையன்கள் பெரும்பாலும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அதே தொழிற்சாலைக்குள் நுழையப் பார்த்த காலம். தேவராஜ் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றதும், "பொம்பளைங்க பாக்குற வேலைக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டுவிட்டுத் தந்தை பல மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், "ஏதோ ஆஸ்பத்திரியில இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம். இதைச் சொல்லும்போது தேவராஜின் குரலில் குறை இருக்காது. நடந்ததை நடந்தபடி சொல்வார்.

அவர் எங்கள் வார்டுக்கு வந்த புதிதில் அங்கே வேறு ஆண் செவிலியர் இல்லை. நோயாளிகள் அவரை டாக்டர் என்றே நினைத்தார்கள். கால் முறிந்து படுத்திருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், "இன்னா டாக்டரே, எப்ப ஊட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

"நான் டாக்டர் இல்லீங்க, நர்ஸ்."

"ஆம்பள நர்ஸா? இன்னாபா, புச்சா கீது!"

"பேர் சொல்ல வரலைன்னா பிரதர்னு கூப்பிடுங்க. அவங்க சிஸ்டர், நான் பிரதர்."

ஆட்டோக்காரர் வீடு திரும்பும்வரை வார்டு முழுக்க 'பிரதர்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெண் நோயாளிகள் கூச்சப்பட்டால் தேவராஜ் உடனே விலகி எங்களில் ஒருவரை அழைப்பார். "அவங்க வேணாம்னா வேணாம்தான். அதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடலை" என்பார். அதே மனிதர் படுக்கை விரிப்பு கசங்கியிருந்தால் சண்டைக்கு வந்துவிடுவார். கோபக்காரர். பல நாள் அவரோடு நான் பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஒருமுறை நேர்காணலுக்கு வந்த ஆண்களை எடுக்க வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. அவர்களுக்கு உடை மாற்றத் தனி அறை இல்லை என்பது காரணம். தேவராஜ் நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனார். வார்டு பொறுப்பாளர் என்ற முறையில் நானும் உடன் போனேன்.

"இத்தனை வருஷமா நான் ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பின்னாடி நின்னுதான் சட்டை மாத்துறேன். அப்ப யாருக்கும் அறை ஞாபகம் வரலை. அறை இல்லைன்னு ஆளை வேணாங்குறீங்க. ஆளை எடுங்க, அறை தானா வரும்" என்றார்.

அதிகாரி முறைத்தார். இப்படிப் பேசினால் வேலை நிலைக்காது என்றும் சொன்னார். தேவராஜுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. ஆனாலும் அவர் எழுந்து வரவில்லை. கடைசியில் லிஃப்ட் பக்கம் உடைந்த சக்கர நாற்காலிகள் அடைந்து கிடந்த அறையைக் காட்டி, அதைக் காலி செய்துகொள்ளச் சொன்னார்கள். நாங்களே காலி செய்தோம். முதலில் திரைதான் இருந்தது, கதவு பிறகு வந்தது. வந்த ஆண்களில் மூவருக்கு வேலை கிடைத்தது.

விடுமுறை நாளில் பள்ளிகளுக்குப் போகும் பழக்கம் அதன் பிறகுதான் தொடங்கியது. வெள்ளானூர் பக்கம் ஒரு பள்ளிக்கு நானும் போயிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள். வெளிநாடு, சம்பளம் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. "பீ, மூத்திரம் எல்லாம் எடுக்கணும். முதல்லயே சொல்லிடுறேன்" என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்து ஓயும்வரை காத்திருந்தார். பிறகு, "வீட்டுல படுத்த படுக்கையா யாராவது இருக்காங்களா? அவங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறது யாரு?" என்று கேட்டார்.

கார்த்திக் என்ற மாணவன் தயங்கிக் கை தூக்கினான். "எங்க தாத்தாவை நான்தான் சார்." மறுபடியும் சிரிப்பு.

தேவராஜ் சிரிக்கவில்லை. "நீ செய்யறதுக்குப் பேருதான் நர்சிங். அதையே படிச்சுட்டுச் செஞ்சா சம்பளம் தர்றாங்க" என்றார்.

சில வாரங்களில் அந்தப் பையனின் தாயார் மருத்துவமனைக்கே வந்துவிட்டார். "எம் புள்ள மனச மாத்திட்டீங்களே, நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?"

"என்னைக் கட்டிக்கிட்டவங்களையே கேளுங்க" என்று மலரை அழைத்துக் கைப்பேசியை அவரிடம் நீட்டினார் தேவராஜ். மலர் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "சமைப்பாரு. கொழந்தைக்கு ஜுரம்னா ராவெல்லாம் முழிச்சிகினு இருப்பாரு. இதுக்கு மேல இன்னாம்மா வேணும்?" அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கார்த்திக் இப்போது பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் தேவராஜின் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. வேப்பம்பட்டில் மகன் கட்டியிருந்த வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, சவரம் செய்வது எல்லாம் மகன்தான். பிற்பாடு பேச்சு ஓரளவு திரும்பியது. "உங்க வேலையைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலை" என்றார் தேவராஜ். "ஆனா வேற யார் பிளேடை எடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிப்பாரு. நான் வந்தா தாடையை நீட்டுவாரு."

தமக்கு நோய் வந்தபோது அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முடிந்தவரை வேலைக்கு வந்தார், பிறகு நின்றுகொண்டார். கடைசியாகப் பார்க்கப் போனபோது, புதிதாகச் சேர்ந்த பையன்கள் நோயாளியிடம் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையசைத்துவிட்டுக் கண்ணயர்ந்தார்.

இறுதி ஊர்வலத்துக்கு ஆண் செவிலியர்கள் பலர் பணி முடிந்து நேராக வந்திருந்தார்கள். சிலர் சீருடையில் இருந்தார்கள். பாடையில் வைக்க நேரமானதும் உறவினர்கள் அவர்களுக்கு வழிவிட்டார்கள். உடல் கிடந்த விரிப்பின் இரு பக்கமும் செவிலியர்கள் நின்று ஓரங்களைச் சுருட்டிப் பிடித்தார்கள். ஒருவர் தலைப்பக்கம் போய்க் கழுத்துக்கு அடியில் கை கொடுத்தார். "மெதுவா, தலை பத்திரம்" என்றார். ஒரே நேரத்தில் தூக்கி, உடம்பு சிறிதும் அதிராமல் கொண்டுபோய் வைத்தார்கள். இறந்தவர் என்று அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருந்தது.

நல்ல கைகளில்தான் போனீர்கள், தேவராஜ். அமைதியாக இருங்கள்.