ஆறே முக்காலுக்குச் சுங்கை வே

லியனார்டு, மலேசியாவின் சுபாங் ஜெயாவில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் வேன் ஓட்டுநர். வயது நாற்பத்தெட்டு. மணவிலக்குக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் தனியாக இருந்தார். காலையில் ஒன்பது நோயாளிகளை வீடு வீடாகப் போய் ஏற்றி வருவார்.

எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதைக் கணினியே சொல்லட்டும் என்று மையம் நிரலாளர் ஷாமினியை அழைத்தது. அவருடைய நிரல் கண்ணை மூடிக்கொண்டு இருநூறு பாதைகளைப் போடும். அவற்றில் நல்லவற்றை இரண்டிரண்டாகக் கலந்து புதுப் பாதைகளைப் பிறப்பிக்கும். அதிலும் நல்லவை மட்டும் தங்கும். இப்படியே பல தலைமுறைகள்.

"பாதைங்களுக்குக் கல்யாணமா, மிஸ்?" என்று லியனார்டு சிரித்தார்.

"ஆமாண்ணே. ஆனா சும்மா கலந்தா, பிள்ளைப் பாதையில இராஜம்மா ஆன்டி ரெண்டு தடவ வராங்க, ஜெயராஜ் அங்கிள விட்டுடுது."

ஒரு பாதையின் பாதியை அப்படியே வைத்து, விடுபட்டவர்களை மற்றதன் வரிசைப்படி நிரப்பி ஷாமினி அதைச் சரி செய்தார். ஆனாலும் வேன் தினமும் பதினொரு நிமிடம் தாமதமாகவே வந்தது. வேன் போன வழியைப் பார்த்தால், லியனார்டு சுங்கை வே பகுதி வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அங்கே ஏற யாருமில்லை.

ஏன் என்று கேட்டார் ஷாமினி.

"ஆறே முக்காலுக்கு எம்மக ஷார்மைன் அங்க பஸ் ஸ்டாப்ல நிப்பா, மிஸ். எங்கூடப் பேசமாட்டா. நான் நிறுத்தறதில்ல. பாத்துட்டுப் போயிருவேன்."

ஷாமினி அந்த பஸ் நிறுத்தத்தை, அந்த நேரத்தோடு, பத்தாவது இடமாகச் சேர்த்து நிரலை மறுபடி ஓட்டினார். வரிசை முழுதும் மாறியது. கூடுதல் நேரம் நான்கே நிமிடம். நோயாளிகளிடம் லியனார்டே சம்மதம் கேட்டார்.

"நாலு நிமிஷம்தானே? போங்க லா தம்பி," என்றார் இராஜம்மா.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் ஷார்மைன் முடியை வெட்டியிருந்தாள். ஒருநாள் இருமினாள், அன்று முழுதும் அவருக்கு வேலையே ஓடவில்லை. பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு முடிந்ததும் நிறுத்தம் வெறிச்சோடியது. தெற்கே ஜொகூரில் கல்லூரிக்குப் போய்விட்டாள் என்று தேவாலயத்தில் யாரோ சொன்னார்கள்.

பிறகும் ஒரு வாரம் அவ்வழியே போனார். அப்புறம், "அந்த ஸ்டாப்ப எடுத்துருங்க, மிஸ்," என்றார்.

அன்று மாலை மகளுக்கு எழுதினார்: 'அப்பா பார்க்க வரட்டுமா?' பதில் இல்லை. வெள்ளிக்கிழமை ஜொகூர் பஸ் டிக்கெட்டோடு வந்து ஷாமினியிடம் காட்டினார்.

"காலேஜ் வாசல் எப்படி இருக்குன்னாவது பாத்துட்டு வரேன்."