எதிர் பஸ் டிரைவர் தலையைத் தட்டுனா எறங்கி நடக்கணும்

தக்காளிக் கூடை கசிஞ்சு கால்விரல் இடுக்குல பிசுபிசுன்னு ஒட்டும். இஞ்சின் மூடி மேல வெச்ச கொத்தமல்லிக் கட்டு சூட்டுல வதங்கி, டீசலோட கலந்து பஸ் முழுக்க ஒரு வாசனை...

எழுவத்தி நாலு, அஞ்சு இருக்கும். மாரண்டஹள்ளியில இருந்து பாலக்கோடு போற பிரைவேட் பஸ்சு. எங்க வூட்டுக்காரருதான் கண்டக்டர்.

அவரு போயி ஒன்றரை மாசம் ஆச்சு. அழுது முடிச்சுட்டேன்னு சொல்லமாட்டேன். ஆனா இத எழுதிப்புடணும்னு இருக்குது.

சந்தை நாள்ல எங்களுக்கு அந்த ஒரு பஸ்சுதான். இத்தன பேருதான் நிக்கலாம்னு கவர்மெண்டு ரூல் வெச்சிருந்தது. ரூல் எழுதுனவங்க சந்தை நாள்ல எங்க பஸ்ஸ பாத்ததில்ல!

பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பு ஏரித் திருப்பத்துல நிக்கும். அதப் பாத்துட்டு எதிர்ல வர்ற பஸ் டிரைவரு, எங்க டிரைவர் அண்ணனப் பாத்து தன் தலைய ரெண்டு தட்டு தட்டுவாரு. தொப்பிக்காரர் நிக்கறாருன்னு அர்த்தம். ஒடனே எங்க வூட்டுக்காரரு விசிலு. நின்னுட்டு வந்தவங்க எல்லாம் எறங்கி ஏரிக்கரை மேல குறுக்கால நடக்கணும். பஸ்சு ஒண்ணுந் தெரியாத புள்ள மாதிரி ஜீப்ப தாண்டிப் போயி, அந்தப் பக்கம் புளியமரத்தாண்ட நிக்கும். மறுபடி ஏறிக்கணும்.

வெங்காய யாவாரி பாய் ஒருத்தரு எப்பவும் கேப்பாரு. "ஏன் கண்டக்டரே, டிக்கெட்டு பஸ்ஸுக்குக் குடுத்தியா, நடக்கறதுக்குக் குடுத்தியா?"

"ரெண்டுக்கும் சேத்துதான் பாய். வெரசா நடங்க."

சிரிப்பாதான் இருக்கும். ஆனா அந்த வருசம் அவரு மேல ஏற்கெனவே ரெண்டு ஓவர்லோடு கேசு. மூணாவது வந்தா கண்டக்டர் லைசென்சு போயிரும், வூட்ல உக்கார வேண்டியதுதான்னு மொதலாளி சொல்லிட்டாரு.

எனக்கு அப்ப ஏழு மாசம். ஒரு சந்தை நாள்ல பாலக்கோடு ஆஸ்பத்திரிக்கு காட்டறதுக்குப் போறேன். பொண்டாட்டிக்கு சீட்டு புடிச்சுக் குடுத்தான்னு பேரு வரக்கூடாதுன்னு என்னைய நிக்கத்தான் வெச்சாரு. பக்கத்துல வேட்டி கட்டுன ஆளு ஒருத்தரு, கையில மஞ்சப்பை.

எதிர் பஸ்சு வந்துது. டிரைவரு தலையத் தட்டுனாரு. எறங்குனோம்.

கரை மேல நடக்கறப்ப அந்த வேட்டிக்காரரு என் பையை வாங்கிக்கிட்டாரு.

"ஏம்மா, இந்த வயித்தோட நீங்களும் நடக்கணுமா?"

"கண்டக்டரு எங்க வூட்டுக்காரருதாங்க. ஊருக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

"எப்படிம்மா கரெக்டா தெரியுது, ஜீப்பு நிக்கறது?"

எனக்கு ஒரே பெருமை. பையைத் தூக்கிட்டு வர்ற மனுசன், பாவம், தெரிஞ்சுக்கட்டுமேன்னு எல்லாத்தையும் சொன்னேன். தலையத் தட்டறது, புளியமரம், எல்லா சந்தை நாளும் இப்படித்தான், எங்காளு கில்லாடிங்கன்னு...

புளியமரத்தாண்ட எல்லாரும் ஏறுனாங்க. கடைசியா அவரு ஏறுனாரு. மஞ்சப்பையில இருந்து காக்கித் தொப்பிய எடுத்தாரு.

"கண்டக்டர், லைசென்ச எடுப்பா."

புது இன்ஸ்பெக்டராம். ஜீப்ப அங்க நிக்க வெச்சுட்டு, மாரண்டஹள்ளியிலயே எங்களோட ஏறியிருக்காரு.

பாய் வுடல. "சார், இன்னொரு பஸ் வுடுங்க. நாங்க ஏன் இப்படி தொங்கறோம்?"

"அது என் கையில இல்லைங்க. ஆனா மேல எழுதறேன். இதையும் எழுதறேன்." சொல்லிக்கிட்டே கேச எழுதிட்டாரு. எங்க வூட்டுக்காரரையும் டிரைவர் அண்ணனையும் கீழ கூட்டிட்டுப் போயி என்னமோ பேசுனாரு. நான் மேலயே கம்பியப் புடிச்சுட்டு நின்னேன்.

லைசென்சு அடியோட போவல. மூணு மாசம் சஸ்பெண்டு. அந்த மூணு மாசமும் அவரு மண்டியில மூட்டை தூக்குனாரு. புள்ள பொறந்ததும் அப்பத்தான். மாமியா தெனமும் சபிப்பாங்க, "எந்தக் கட்டையில போறவன் போட்டுக் குடுத்தானோ!" நான் தலையக் குனிஞ்சு சோறு போட்டுட்டு இருப்பேன். அவரு, "வுடும்மா, எவனோ ஒருத்தன்" னுட்டு கைய கழுவிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

அடுத்த வருசம் சந்தை நாளுக்குன்னு இன்னொரு பஸ் வந்துது. அந்த இன்ஸ்பெக்டர் எழுதுனதுலதான் வந்துதுன்னு பேசிக்கிட்டாங்க. அவரு வேலைய அவரு செஞ்சாரு. அதுல ஒரு தப்பும் இல்ல. எங்க வூட்டுக்காரரு செஞ்சதும் தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். சனத்த ரோட்டுல வுட்டுட்டா போவாரு? தப்பு என் வாயோடது. அத மட்டும் அம்பது வருசமா அவருகிட்ட சொல்லாமயே இருந்துட்டேன்.

காரியத்துக்கு டிரைவர் அண்ணன் வந்திருந்தாரு. எம்பதைத் தாண்டிட்டாரு, பேரன் கையப் புடிச்சுட்டு வந்தாரு. மனசு கேக்காம அவருகிட்ட சொன்னேன், "அண்ணே, அன்னிக்கு எல்லாத்தையும் சொன்னது நான்தாண்ணே."

அவரு சிரிச்சாரு. "தெரியுமே தாயி. அந்த ஆபீசரே கீழ நின்னு சொன்னாரே. 'ஒன் சம்சாரம் ஒன்னப் பத்தி பெருமையா சொல்லிட்டு வந்துது, அதத் திட்டாத'ன்னு. ஒன் வூட்டுக்காரன் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'அண்ணே, மாசமா இருக்கறவ, எனக்குத் தெரியும்னு அவ காதுக்குப் போவக் கூடாது'ன்னான். அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

பந்தியில எல போட்டுட்டு இருந்தாங்க. நான் அப்படியே உக்காந்துட்டேன்.

இப்ப அதியமான்கோட்டை பக்கம் ஹைவேயில கேமரா வெச்சிருக்காங்க. போன மாசம் பேரன் ஹெல்மெட்டு போடாம போனான். வூடு வந்து சேர்றதுக்குள்ள போட்டோவோட போன்ல மெசேஜ் வந்துருச்சு. நல்லதுதான். தல தப்பும்.

எங்க வூட்டுக்காரருக்கு என் தப்பு அன்னிக்கே வந்து சேந்துருச்சு. அம்பது வருசம்... எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பல அந்த மனுசன்.