கெட்ட பீஸ் வகுப்பு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நல்லூரில் ஒரு தையல் யூனிட்டின் மாடியில் ஞாயிறுதோறும் டெய்லர்களுக்கு வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் கரும்பலகையில் எழுதிப் போடுகிற ஆள் இல்லை. அந்த வாரம் அவரவர் தைத்துக் கெட்டுப்போன பீஸைக் கொண்டுவந்து மேசையில் போட வேண்டும். ஏன் கெட்டது என்று எல்லோருமாகப் பேசி, பிறகு மிஷினில் தைத்துப் பார்க்க வேண்டும். "இங்க பேசறது இந்த ரூமைத் தாண்டக் கூடாதுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் நம்பினேன்.

என்னோடு வந்தவள் எங்கள் பனியன் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின்காரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அக்கா தங்கச்சி மாதிரி ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு. அவளை வகுப்புக்கு இழுத்துப்போனதே நான்தான்.

அப்போது எங்கள் கம்பெனி அனுப்பிய டி-ஷர்ட்களில் கொஞ்சம், கழுத்து அலையடித்துத் திரும்பி வந்திருந்தது. துணி சரியில்லை என்று மேனேஜர் பேச்சை முடித்துவிட்டார். அவை என் மிஷினில் ஓடியவை என்று எனக்குத் தெரியும், காரணம்தான் தெரியவில்லை. ஒன்றை எடுத்துப்போய் மேசையில் போட்டேன். நூலின் இறுக்கம், டென்ஷன், சரியில்லை என்றார் ஒருவர், துணிதான் என்றார் இன்னொருவர். வாக்குவாதம் முற்றியபோது பல்லடத்திலிருந்து வரும் ஓர் அக்கா, "ஏனுங்க, பேசிட்டே இருந்தா ஆகுமா? தெச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார். தைத்தேன். கழுத்துப் பட்டியைச் சுற்றிலும் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது என் கை. முன்கழுத்து வளைவில் கூடுதலாக இழுத்து, பின்கழுத்தில் சும்மா விட வேண்டுமாம். மூளைக்கு உடனே புரிந்தது. விரலுக்குப் புரிவதற்குள் சாப்பாட்டு நேரமெல்லாம் வேஸ்ட் துணியில் போயிற்று. எனக்குக் கை பழகியதும் அவள் விரல்மேல் என் விரலை வைத்து அவளுக்கும் பழக்கினேன்.

பிறகு சாம்பிள் ரூமில் ஒரு டெய்லர் இடம் காலியானது. அங்கே போனால் பண்டல் பண்டலாக ஒரே கழுத்தைத் தைத்துச் சாக வேண்டாம். தினமும் ஒரு புது மாடல். அதற்காகத்தான் என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொடுத்தேன். மேனேஜர் எங்கள் இருவரையும் ஆளுக்கொரு டி-ஷர்ட் தைக்கச் சொன்னார். இரண்டு கழுத்தும் அழகாகப் படிந்தன. மறுநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த ரிட்டர்ன் பீசெல்லாம் உங்க மிஷின்ல ஓடுனதாமா?" என்றார்.

எங்கள் கம்பெனியிலிருந்து அந்த வகுப்புக்குப் போனது நாங்கள் இருவர்தான். "ஆமாங்க" என்றேன். இடம் அவளுக்குக் கிடைத்தது.

"ஏம்புள்ள சொன்னே?" என்று கேட்டேன்.

"உன்னப் பத்தி சாரு கேட்டாவ, சொன்னேன். ஏட்டி, பொய்யா சொன்னேன்?" என்றாள். அது பொய்யாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அவள் முன்னாடியே வந்து எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "இந்த வாரம் உங்களுக்கு என்னங்க கெட்டுச்சு?" என்று வகுப்பெடுப்பவர் கேட்டார். என் பைக்குள் டி-ஷர்ட் கையின் மடிப்பு கோணிப்போன ஒரு பீஸ் இருந்தது. ஏன் கோணுகிறது என்று நானாகப் பார்த்தும் தெரியாமல்தான் எடுத்து வந்திருந்தேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"அவ கையில எங்க சார் தப்பு வரும்? எனக்கே அவதான சொல்லிக் குடுத்தா" என்றாள் அவள். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.