கரண்ட் வந்ததும் கூப்பிடும் பெட்டி

மாமா தை மாதம் இறந்தார். மாசியில், புதூர்நாட்டில் தனியாகிவிட்ட அக்காவின் டிவிக்கு வீடியோ ஓட்டும் பெட்டி ஒன்றை மாட்டினேன். பலவற்றைப் பார்த்து, லினக்ஸில் ஓடும் சின்னப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். அதில் விளம்பரம் வராது, இணையமும் வேண்டாம். அக்காவுக்கு ரிமோட் பிடிபடாது என்பதால், கரண்ட் வந்ததும் அது டிவியையும் எழுப்பி, மாமாவின் போனிலிருந்து எடுத்த வீடியோக்களைத் தானாக ஓட்டும்படி வைத்தேன். முதல் வீடியோவில் மாமா களத்தில் நின்று மாடுகளைக் கூப்பிடுவார்.

ஆவணியில் பக்கத்து நிலத்துக்காரர் போன் செய்தார்.

"உங்க அக்கா வெளிய போயிருக்கறப்ப கரண்ட் வந்தா, பூட்டின வூட்ல இருந்து உங்க மாமா கூப்பிடுறாருங்க. மேட்டுல மேயற ரெண்டு மாடும் என் சாமைய மிதிச்சிக்கினு ஓடுது. இன்னொரு தடவ மிதிச்சா விக்கச் சொல்லிடுவேன்."

மாமா வளர்த்ததில் அந்த ஜோடிதான் மீதி. மறுநாள் மதியம் போய் அமைப்பை மாற்றினேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். டிவி இருட்டாகவே இருந்தது.

"இனிமே கூப்பிட மாட்டார்க்கா."

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமைப் பயிர் சலசலத்தது. இரண்டு மாடுகளும் மூச்சிரைக்க வந்து கதவைப் பார்த்து நின்றன.

"அதுங்களுக்கு இப்ப யார்றா சொன்னது?" என்றாள்.

அந்த வாரமே மாடுகள் திருப்பத்தூருக்கு விலைபோயின. அடுத்த முறை நான் போனபோது, பெட்டியைப் பழையபடி தானாக ஓட வைக்கச் சொன்னாள்.

"இன்னா இப்ப, சாமைய மிதிக்க யாரு இருக்காங்க?"

வைத்துக் கொடுத்தேன்.