கேன்சலில் வருகிற மாப்பிள்ளை

மெட்ராஸ் சென்ட்ரல் ஸ்டேஷனைப் பழுதுபார்த்துப் புதுசாக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று அந்த வருஷம் ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் அதைப் பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரரைக் கூட்டி வரப் போனேன். கடைசியில் பார்த்தது என்னவோ ஸ்டேஷனைத்தான். காலையிலிருந்து உச்சிப்பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, பார்க்கிற ஆசையும் வந்ததில்லை.

நான் பிறந்தது கோட்டக்குப்பம், வாழ்க்கைப்பட்டது மரக்காணம். கோட்டக்குப்பத்தில் வீட்டுக்கு ஒருவராவது சவுதியிலோ துபாயிலோ இருப்பார். அங்கே பெட்டியோடு வந்து இறங்குகிற ஆண்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் லீவில் வருகிறவர். இரண்டு மாதம் சென்ட் வாசனையோடு தெருவில் நடமாடிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இன்னொருவர் கேன்சலில் வருகிறவர். விசாவை முடித்துக்கொண்டு, இனிமேல் போவதில்லை என்று வருகிறவர். மற்ற ஊரில் கேன்சல் என்றால் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம் போய், "உங்க வீட்டுக்காரர் கேன்சலாமே" என்று சொன்னால் அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதில் அவரோடு நான் இருந்தது, கல்யாணம் முடிந்த கையோடு கொஞ்ச நாள், நடுவில் ஒரு லீவு, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் மாமியாரின் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்ப்பதும், மாமனாருக்கு உப்பளத்துக்குச் சோறு கட்டிக் கொடுப்பதுமாகப் போனது. இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்காத வாய் மரக்காணத்தில் இல்லை. ஆள் ரியாத்தில் இருக்க, விசேஷம் என்ன தபாலிலா வரும் என்று திருப்பிக் கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை. சிரித்துவிட்டு வந்துவிடுவேன். சிரித்துச் சிரித்தே அலுத்துப் போயிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் கோட்டக்குப்பத்தில் எங்கள் தெரு துணிக்கடைக்கு அவர் போன் போட்டார். எங்கள் வீட்டில் ஏது போன். ரியாத் லைன் எப்போதும் புயலடிக்கிற மாதிரி இரையும். அந்த இரைச்சலில் கடைக்காரர் காதில் தெளிவாக விழுந்தவை மூன்று: கேன்சல், வியாழக்கிழமை, பம்பாய் வண்டி. அவரும் கோட்டக்குப்பத்துக்காரர்தானே. மூன்றையும் பூ மாதிரி கோத்து என் தம்பியிடம் கொடுத்துவிட்டார். தம்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்து மரக்காணம் வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னான்.

"அக்கா, மச்சான் கேன்சல்ல வர்றாராம். வியாழக்கிழமை பம்பாய் வண்டியில."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே அவனுக்கு டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துபோனேன். அவனும் அப்படியே குடித்துவிட்டுப் போனான். மறுநாளே சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்லி எங்கள் அறைக்கு நானே வெள்ளையடித்தேன். கை எரிந்தது, அதுகூட நன்றாக இருந்தது.

மாமனார் மட்டும் சேதியைக் கேட்டுவிட்டு, "அப்படியா" என்று ஒரு வார்த்தை சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். அந்த வருஷம் பருவம் தப்பிப் பெய்த மழை, அவர் குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளில் விளைந்த உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிருந்தது. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குச் சந்தோஷம் சட்டென்று வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கருக்கலில் மாமனாரும் நானும் கிளம்பினோம். திண்டிவனத்தில் பஸ் மாறி, பாரிமுனையில் இறங்கி, அங்கிருந்து நடந்தோம். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தக் கூட்டத்தில் மாமனாரின் முதுகை மட்டும் பார்த்தபடி நடந்தேன். போய்ச் சேர்ந்தால், வண்டி பல மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷன் அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். செங்கல் சுவரைக் கழுவிச் சிவப்பாக்கியிருந்தார்கள். வளைவுகளுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். தரை வழுக்குகிற மாதிரி பளபளத்தது. எங்கும் வார்னிஷ் வாசனை, வெறும் வயிற்றில் அது குமட்டியது. மாமனார் உப்பு வியாபாரத்துக்காகப் பட்டணம் வந்து பழைய ஸ்டேஷனை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர். அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கெழவிக்குப் பவுடர் போட்டு உக்கார வெச்சா மாதிரி இருக்குது" என்றார். "முன்னெல்லாம் இந்தத் தூணுகிட்ட துண்ட விரிச்சிப் படுத்துக்கலாம். இப்ப உக்காரவே பயமா இருக்குது."

நான் பயப்படாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயின்ட் காயவில்லை. துப்பட்டியின் பின்பக்கம் பச்சைப் பச்சையாக மூன்று பட்டை. அவர் வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டுமென்று நீலம் போட்டுத் துவைத்த துப்பட்டி. எழுந்து வேறு இடம் தேடவும் தெம்பில்லை. ஆனது ஆச்சு என்று அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரயிலேற வந்தவர்களைத் தவிர, ஸ்டேஷனைப் பார்க்கவென்றே குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள், பொருட்காட்சிக்கு வருகிற மாதிரி. ஒரு அம்மா தூக்குப்பாத்திரத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்களும் ஸ்டேஷன் பாக்கத்தான் வந்தீங்களா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் கேன்சல்ல வர்றாரு. பம்பாய் வண்டியில."

"அடப்பாவமே, கேன்சலா? அப்புறம் எப்படிங்க வருவாரு?" என்று உச்சுக்கொட்டினார்.

பட்டணத்துக்காரிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கால் வீங்கிப்போய், தலை கனத்து, இனிமேல் வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்கிற அளவுக்கு ஆனபோது வண்டி வந்தது. மாமனார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டு போனோம். இறங்கியவர் எங்கள் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர். ரியாத்தில் என் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் இருப்பவர், போன லீவில் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போனவர். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒரு கையில், பை ஒரு கையில். எங்களைப் பார்த்ததும் சலாம் சொல்லிப் பையை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இது உனக்கு மச்சான் குடுத்து விட்டது."

நான் பையை வாங்காமல் அவருக்குப் பின்னால் பார்த்தேன். இன்னும் பெட்டி இறக்கிக்கொண்டிருக்கிறார் போல என்று நினைத்தேன்.

"அவரு எங்கண்ணே?"

"ஏன், சேதி வரலியா? போன் போட்டாரே. லீவு கேன்சல் ஆயிடுச்சும்மா. மொதலாளி விட மாட்டேன்னுட்டான். நான் வியாழக்கிழமை பம்பாய் வண்டியில வர்றதாவும், எங்கிட்ட சாமானை வாங்கிக்கணும்னும் சொன்னாரே."

சேதி வந்தது. அந்த மூன்று வார்த்தையும் அப்படியே வந்தது. நாங்கள்தான் அதை எங்கள் ஊர்ப் பாஷையில் கேட்டுவிட்டோம்.

மாமனார் ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப வேலை இருக்குதா அவனுக்கு?"

"கெட்டியா இருக்குது மாமா. ஆள் பத்தலன்னுதான் லீவே இல்லன்னுட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமனார். நெஞ்சிலிருந்து வந்த நன்றி அது. ஒரு வாரமாக இறுகிக் கிடந்த அவர் முகம் என் கண்ணெதிரே தளர்ந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வலித்த வலி, என் வீட்டுக்காரர் வராததற்குக்கூட வலிக்கவில்லை.

பிறகு மாமனார் அந்த மனுஷரைக் கேட்டார். "நீ லீவாப்பா?"

"இல்ல மாமா. நான்தான் கேன்சல்." அவர் அட்டைப்பெட்டியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கம்பெனியில அனுப்பிட்டாங்க. வீட்ல இன்னும் சொல்லல."

மாமனார் அவர் தோளில் கை வைத்தார். நானும் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. அவர் பெண்டாட்டியை நினைத்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ராத்திரி அவள் அழுவாள், கடன்காரனை நினைத்துப் பயப்படுவாள், ஆனாலும் பக்கத்தில் புருஷன் இருப்பான்.

திண்டிவனம் வரைக்கும் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அங்கே அவர் கிளியனூர் வழியாகப் போகிற பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிப் போனார். மாமனாரும் நானும் மரக்காணம் பஸ்ஸுக்கு நின்றோம். விளக்கு போட்டுவிட்டார்கள். மாமனார் இரண்டு வாழைப்பழம் வாங்கி வந்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"மாமா, அவரு வரலன்னதும் நீங்க அல்ஹம்துலில்லாஹ்ன்னீங்க."

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"சொன்னேம்மா. பாத்தியில உப்பு இல்ல. அவனும் வந்து உக்காந்துகிட்டா நாலு பேரும் என்னாத்தத் தின்றது?"

"தெரியும் மாமா" என்றேன். "எனக்கு அவரு வேணும்."

ஒரு மருமகள் மாமனாரிடம் சொல்கிற வார்த்தையா அது. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, வெட்கம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வெட்கப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

அவர் வாழைப்பழத்தைக் கையில் வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. அந்த வயதில் அவர் ஓடினார். ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து ஒரு சீட் பிடித்தார். என்னைக் கூப்பிட்டு அதில் உட்கார வைத்தார். வழியில் பிரம்மதேசத்தில் பாதி பஸ் இறங்கிவிட்டது. என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. "உக்காருங்க மாமா" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரக்காணம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.